நள்ளிரவில் கைமாறிய உருக்காலைகள்

1952 ஏப்ரல் 8, செவ்வாய்க்கிழமை. இரவு பத்தரை மணிக்கு அமெரிக்க அதிபர் ஹாரி ட்ரூமன் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நாட்டு மக்களிடம் பேசினார். இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் நாடெங்கும் உள்ள உருக்காலைகளில் வேலைநிறுத்தம் தொடங்க இருந்தது. கொரியப் போர் தொடங்கி இரண்டு ஆண்டுகள் நிறையப் போகின்றன. பீரங்கியோ டாங்கியோ வெடிகுண்டோ, எதைச் செய்யவும் உருக்கு வேண்டும். ஆலைகள் நிற்பதை அனுமதிக்க முடியாது, நள்ளிரவு முதல் அவற்றை அரசே எடுத்துக்கொள்கிறது என்று ட்ரூமன் அறிவித்தார். நிர்வாக ஆணை எண் 10340 பிறந்தது இப்படித்தான். வணிகத் துறைச் செயலர் சார்லஸ் சாயரின் பொறுப்பில் நாட்டின் பெரும்பாலான உருக்காலைகள் வந்து சேர்ந்தன. முதலாளிகளை யாரும் வெளியே துரத்தவில்லை. இனி நீங்கள் அமெரிக்க அரசின் சார்பில் ஆலையை நடத்தும் மேலாளர்கள் என்று கம்பெனித் தலைவர்களுக்கே உத்தரவு போனது.

தனியார் சொத்தை அரசு எடுத்துக்கொள்வது என்றால் அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும். ட்ரூமன் எந்தச் சட்டத்தின் கீழ் இதைச் செய்தார்? ஆணையில் குறிப்பிட்ட சட்டம் எதுவும் சுட்டப்படவில்லை. அரசமைப்புச் சட்டமும் அமெரிக்கச் சட்டங்களும் அதிபரும் முப்படைத் தலைவருமான தமக்குத் தரும் அதிகாரத்தின்படி என்று பொதுவாகவே சொல்லியிருந்தது. அந்த வாக்கியத்துக்கு என்ன பொருள் என்று தெரிந்துகொள்ள நாடு 55 நாட்கள் காத்திருந்தது.

1787இல் ஃபிலடெல்ஃபியாவில் கூடியவர்கள் அரசமைப்புச் சட்டத்தை எழுதி முடித்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்தக் காகிதம் நடைமுறையில் எப்படி ஓடுகிறது என்று காட்ட எத்தனையோ சம்பவங்கள் உண்டு. நான் உருக்காலை வழக்கை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. நிர்வாகம், சட்டமியற்றும் மன்றம், நீதித்துறை ஆகிய மூன்று கிளைகளும் ஒரே பிரச்சினையில், இரண்டே மாதங்களுக்குள், தத்தம் பலத்தையும் பலவீனத்தையும் முழுமையாகக் காட்டிவிட்ட வழக்கு இது.

அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தின் முதல் பிரிவு காங்கிரஸைப் பற்றியது. மிக நீளமான பிரிவும் அதுதான். வரி விதிப்பது, பணம் ஒதுக்குவது, வணிகத்தை ஒழுங்குபடுத்துவது, போர் அறிவிப்பது, படைகளைத் திரட்டிப் பராமரிப்பது எல்லாம் அங்கே இருக்கின்றன. பிரதிநிதிகள் சபை, செனட் என்று காங்கிரஸுக்கு இரண்டு அவைகள். 1952இல் 48 மாநிலங்கள்தான் இருந்தன. எனவே செனட்டர்கள் 96 பேர், பிரதிநிதிகள் 435 பேர். இரண்டாவது பிரிவு அதிபருக்கானது. நிர்வாக அதிகாரம் அவரிடம், படைகளின் தலைமை அவரிடம், சட்டங்கள் நேர்மையாக நிறைவேறுகின்றனவா என்று பார்த்துக்கொள்ளும் கடமையும் அவருடையது. மூன்றாவது பிரிவு நீதிமன்றங்களைப் பற்றிச் சில பத்திகளில் சொல்லி முடிகிறது. நீதிபதிகள் நன்னடத்தையோடு இருக்கும்வரை பதவியில் இருக்கலாம், அவர்கள் சம்பளத்தைக் குறைக்கக் கூடாது. ஒரு சட்டம் அரசமைப்புக்கு முரணானது என்று தள்ளும் அதிகாரம்கூட அதில் வெளிப்படையாக எழுதப்படவில்லை. 1803இல் மார்பரி வழக்கில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் நிலைநாட்டியது அது.

மூன்றும் தனித்தனி என்றுதான் பள்ளிப் பாடம் சொல்கிறது. ஆட்களைப் பொறுத்தவரை அது சரி. நம் நாட்டில் அமைச்சர்கள் நாடாளுமன்றத்தில் அமர்ந்து பதில் சொல்கிறார்கள். அமெரிக்காவில் காங்கிரஸ் உறுப்பினராக இருந்துகொண்டே அதிபரின் அமைச்சரவையில் இருக்க முடியாது. ஆனால் வேலையைப் பொறுத்தவரை ஒன்றின் கையெழுத்து இல்லாமல் மற்றொன்றின் காரியம் முடியாது. காங்கிரஸ் நிறைவேற்றும் மசோதாவை அதிபர் வீட்டோ செய்யலாம். அந்த வீட்டோவை இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் முறியடிக்கலாம். நீதிபதியை அதிபர் நியமிக்கிறார், செனட் ஒப்புதல் தர வேண்டும். ஒப்பந்தம் போடுவது அதிபர், அதற்கும் செனட்டின் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை. இந்தப் பின்னலுக்குள்தான் ட்ரூமன் கை வைத்தார்.

தகராறின் வேர் கூலியில் இருந்தது. ஃபிலிப் மரே தலைமையிலான உருக்காலைத் தொழிலாளர் சங்கத்தின் ஊதிய ஒப்பந்தம் 1951 டிசம்பர் 31இல் முடிந்தது. போர்க்காலம் என்பதால் கூலிக்கும் விலைக்கும் அரசு கட்டுப்பாடு வைத்திருந்தது. ட்ரூமன் விவகாரத்தைக் கூலி நிலைப்படுத்தும் வாரியத்துக்கு அனுப்பினார். அவர் கேட்டுக்கொண்டதால் சங்கமும் வேலைநிறுத்தத்தைத் தள்ளிப்போட்டது, ஒருமுறை அல்ல, பலமுறை. மார்ச் மாதம் வாரியம் கூலி உயர்வைப் பரிந்துரைத்தது. சங்கம் ஏற்றுக்கொண்டது. கம்பெனிகளோ, கூலியை உயர்த்துவதானால் உருக்கின் விலையை டன்னுக்கு 12 டாலர் உயர்த்த அனுமதி வேண்டும் என்றன. அவ்வளவு உயர்த்தினால் விலைக் கட்டுப்பாடே குலைந்துபோகும் என்று அரசு மறுத்தது. போர்க்கால உற்பத்திக்குப் பொறுப்பாக இருந்த சார்லஸ் வில்சன், அதிபரோடு ஒத்துப்போக முடியாமல் மார்ச் மாதக் கடைசியில் ராஜினாமா செய்தார். ஏப்ரல் 9 அதிகாலை 12.01 மணிக்கு வேலைநிறுத்தம் என்று சங்கம் நாள் குறித்துவிட்டது.

ட்ரூமன் கையில் ஆயுதம் இல்லாமல் இல்லை. 1947இல் காங்கிரஸ் டாஃப்ட்–ஹார்ட்லி என்ற தொழிலாளர் சட்டத்தைக் கொண்டுவந்திருந்தது. நாட்டுக்கு ஆபத்தான வேலைநிறுத்தம் வருமானால் நீதிமன்றத்தில் தடையாணை பெற்று 80 நாட்கள் அதை நிறுத்திவைக்க அந்தச் சட்டம் வழி செய்கிறது. ஆனால் அது ட்ரூமன் வெறுத்த சட்டம். அவர் அதை வீட்டோ செய்ய, பிரதிநிதிகள் சபை 331க்கு 83, செனட் 68க்கு 25 என்ற வாக்கில் அவருடைய வீட்டோவைத் தூக்கியெறிந்தன. தொழிலாளர்கள் ஏற்கெனவே 80 நாட்களுக்கும் மேலாகத் தாங்களாகவே பொறுத்துக்கொண்டிருக்கிறார்கள், மறுபடியும் அவர்கள் கையை மட்டும் கட்டுவது நியாயமில்லை என்பது ட்ரூமனின் வாதம். அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. விட்டுக்கொடுக்க மறுத்தவை கம்பெனிகள். வாரியத்தின் பரிந்துரையை ஏற்றுக்கொண்டது சங்கம். தொழிலாளி பக்கம் நின்ற ஒரு அதிபரின் மனம் எனக்குப் புரிகிறது.

இருந்தாலும் இந்தக் கதையின் முடிச்சு வேறொரு இடத்தில் விழுந்திருந்தது. அதே 1947இல், இந்தச் சட்டத்தை விவாதித்தபோது, நெருக்கடி நேரத்தில் ஆலைகளை அரசு எடுத்துக்கொள்ளும் அதிகாரத்தையும் சேர்க்கலாமா என்று காங்கிரஸ் யோசித்தது. யோசித்து, வேண்டாம் என்று ஒதுக்கியது. ஆக, ட்ரூமன் செய்த காரியத்தைக் காங்கிரஸ் ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே எண்ணிப் பார்த்து மறுத்திருந்தது.

ஆலைகளை எடுத்த மறுநாளே ட்ரூமன் காங்கிரஸுக்குச் செய்தி அனுப்பினார். நான் செய்தது இது, நீங்கள் வேறு வழி சொன்னால் அதன்படி நடக்கிறேன் என்பது சாரம். ஏப்ரல் 21இல் இன்னொரு முறையும் எழுதினார். காங்கிரஸ் கொதித்தது. அவரைப் பதவியிலிருந்து நீக்க வேண்டும் என்று பிரதிநிதிகள் சபையில் தீர்மானங்கள் தாக்கலாயின. சொற்பொழிவுகளுக்குக் குறைவில்லை. ஆனால் அவர் செய்ததை ஆதரித்து ஒரு சட்டமோ தடுத்து ஒரு சட்டமோ அந்த 55 நாட்களில் வரவில்லை. நாட்டின் கஜானாவும் சட்டப் புத்தகமும் தங்கள் கையில் இருக்க, முதல் பிரிவின் சொந்தக்காரர்கள் சும்மா இருந்தார்கள். என்னைப் பொறுத்தவரை அந்த ஆண்டின் மிகப் பெரிய தவறு அதுதான்.

கம்பெனிகள் காங்கிரஸை நம்பிக் காத்திருக்கவில்லை. ட்ரூமன் பேசி முடித்த சிறிது நேரத்தில், அந்த இரவிலேயே, அவர்களுடைய வக்கீல்கள் வாஷிங்டனில் ஒரு மாவட்ட நீதிபதியின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். உடனடித் தடை கிடைக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து வழக்கு நீதிபதி டேவிட் பைன் முன் விசாரணைக்கு வந்தது. அரசுத் தரப்பில் வாதிட்டவர் உதவி அட்டர்னி ஜெனரல் ஹோம்ஸ் பால்ட்ரிட்ஜ். அதிபரின் அதிகாரத்துக்கு வரம்பு எது என்று நீதிபதி கேட்டார். தேர்தல் ஒன்று, பதவி நீக்க விசாரணை ஒன்று, இரண்டே வரம்புகள் என்றார் பால்ட்ரிட்ஜ். அப்படியானால் மக்கள் அரசமைப்பை ஏற்றபோது காங்கிரஸின் அதிகாரத்தை வரையறுத்தார்கள், நீதிமன்றத்தின் அதிகாரத்தை வரையறுத்தார்கள், நிர்வாகத்தின் அதிகாரத்தை மட்டும் வரையறுக்கவில்லை என்கிறீர்களா என்று பைன் மறுபடியும் கேட்டார். இரண்டாவது பிரிவை நாங்கள் அப்படித்தான் வாசிக்கிறோம் என்று பதில் வந்தது.

மறுநாள் பத்திரிகைகளில் இதுதான் செய்தி. இதற்குச் சில நாட்கள் முன்பு நடந்த செய்தியாளர் சந்திப்பில், ஆலைகளை எடுக்கலாம் என்றால் பத்திரிகைகளையும் வானொலி நிலையங்களையும் எடுக்கலாமா என்று ட்ரூமனிடம் கேட்டிருந்தார்கள். இதுபோன்ற சூழ்நிலையில் நாட்டுக்கு எது நல்லதோ அதை அதிபர் செய்ய வேண்டும் என்று அவர் பதில் சொல்லியிருந்தார். இரண்டு பதில்களும் சேர்ந்துகொண்டன. வெள்ளை மாளிகை பதறிப்போய், அதிபரின் அதிகாரத்துக்கு அரசமைப்பே வரம்பு என்று விளக்கம் தர நேர்ந்தது. ஏப்ரல் 29இல் பைன் தீர்ப்புச் சொன்னார்: ஆலைகளை எடுத்தது செல்லாது. வேலைநிறுத்தத்தால் நாட்டுக்கு வரும் கேடு பெரிதுதான், ஆனால் வரம்பில்லாத அதிகாரத்தை நீதிமன்றம் அஞ்சி ஏற்றுக்கொண்டால் வரும் கேடு அதைவிடப் பெரிது என்று எழுதினார். அவரை நீதிபதியாக நியமித்தவர் ட்ரூமனின் கட்சியைச் சேர்ந்த முந்தைய அதிபர் ரூஸ்வெல்ட்.

தீர்ப்பு வந்ததும் தொழிலாளர்கள் வெளியே வந்தார்கள். மறுநாள் மேல்முறையீட்டு நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பை நிறுத்திவைத்தது. உச்ச நீதிமன்றம் மே 3இல் வழக்கை ஏற்றது, மே 12, 13 தேதிகளில் வாதம் கேட்டது. கம்பெனிகளுக்காக வந்தவர் 79 வயது ஜான் டேவிஸ். 1924இல் ட்ரூமனின் ஜனநாயகக் கட்சி சார்பில் அதிபர் தேர்தலில் நின்று தோற்றவர் அவர். அரசுக்காக சொலிசிட்டர் ஜெனரல் ஃபிலிப் பெர்ல்மன் வாதிட்டார்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் ட்ரூமன் ஜெயித்திருக்க வேண்டும். ஒன்பது நீதிபதிகளில் ஐந்து பேர் ரூஸ்வெல்ட் நியமித்தவர்கள், நான்கு பேர் ட்ரூமனே நியமித்தவர்கள். தலைமை நீதிபதி ஃப்ரெட் வின்சன் அவருடைய நெருங்கிய நண்பர். டாம் கிளார்க் அவரிடம் அட்டர்னி ஜெனரலாக இருந்தவர். அந்தப் பதவியில் இருந்தபோது, நெருக்கடியில் அதிபருக்கு உள்ளார்ந்த அதிகாரம் உண்டு என்று கருத்துச் சொன்னவர். ராபர்ட் ஜாக்சன் 1941இல் ரூஸ்வெல்ட்டின் அட்டர்னி ஜெனரல். கலிஃபோர்னியாவில் வேலைநிறுத்தம் நடந்த ஒரு விமானத் தொழிற்சாலையை ரூஸ்வெல்ட் கைப்பற்றியபோது அதை நியாயப்படுத்தியவர்.

ஜூன் 2, திங்கட்கிழமை தீர்ப்பு வந்தது. 6க்கு 3, ட்ரூமனுக்கு எதிராக. கிளார்க் எதிராக, ஜாக்சன் எதிராக. ட்ரூமன் நியமித்த இன்னொருவரான ஹெரால்ட் பர்ட்டனும் எதிராக.

நீதிமன்றத்தின் தீர்ப்பை எழுதியவர் ஹ்யூகோ பிளாக். அவருடைய வழி நேரானது. அதிபரின் அதிகாரம் ஒன்று காங்கிரஸ் இயற்றிய சட்டத்திலிருந்து வர வேண்டும், அல்லது அரசமைப்புச் சட்டத்திலிருந்தே வர வேண்டும். சட்டம் இல்லை. முப்படைத் தலைவர் என்ற பதவி, கொரியாவில் போர் நடக்கிறது என்பதற்காக ஓஹியோவில் ஒருவருடைய ஆலையை எடுக்கும் உரிமையைத் தராது. சட்டங்களை நிறைவேற்றுவதுதான் அதிபரின் கடமை, இயற்றுவது அல்ல. சிறிய தீர்ப்பு, ஐயத்துக்கு இடம் வைக்காத தீர்ப்பு. ஆனால் அவரோடு சேர்ந்த ஐந்து பேரும் தனித்தனியே எழுதினார்கள். ஆறு பேரும் ஒரே முடிவுக்கு ஆறு பாதைகளில் வந்தார்கள்.

அவற்றில் காலத்தை வென்றது ஜாக்சன் எழுதியது. அவர் நிர்வாகம், நீதித்துறை என்ற இரண்டு கிளைகளிலும் இருந்து பார்த்தவர். அதிபரின் அதிகாரம் என்ன என்று கேட்டால் அரசமைப்பை எழுதியவர்களிடமிருந்து தெளிவான பதில் கிடைப்பதில்லை, ஃபாரோ மன்னனின் கனவுகளுக்கு யோசேப்பு பொருள் சொன்னதுபோல்தான் நாமும் ஊகிக்க வேண்டியிருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். பிறகு அந்த அதிகாரத்தை மூன்று நிலைகளாகப் பிரித்தார். காங்கிரஸ் சொல்லியோ மறைமுகமாக அனுமதித்தோ அதிபர் செயல்பட்டால் அவர் அதிகாரம் உச்சத்தில் இருக்கிறது. காங்கிரஸ் எதுவும் சொல்லாதபோது செயல்பட்டால், அது இருவருக்கும் பொதுவான மங்கலான நிலம். அங்கே அன்றைய சூழ்நிலைதான் தீர்மானிக்கும். காங்கிரஸின் விருப்பத்துக்கு எதிராகச் செயல்பட்டால் அதிகாரம் மிகத் தாழ்ந்த நிலையில் இருக்கிறது. அரசமைப்பு அவருக்கு மட்டுமே தந்த அதிகாரத்தைக் காட்டினால்தான் தப்பலாம். 1947இல் காங்கிரஸ் வேண்டாம் என்றதால் ட்ரூமன் மூன்றாவது நிலையில் நின்றார்.

இதில் நான் கவனிப்பது, அதிபரின் அதிகாரத்துக்கு நிலையான அளவு கிடையாது என்பதை. காங்கிரஸ் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து அது ஏறும், இறங்கும். ஜாக்சன் அதோடு நிற்கவில்லை. நெருக்கடிக்குச் சட்டம் இயற்றும் அதிகாரம் காங்கிரஸுடையது என்று எங்களால் தீர்ப்புச் சொல்ல முடியும், ஆனால் அது விரல்களுக்கிடையே நழுவிப்போகாமல் பார்த்துக்கொள்ள காங்கிரஸால் மட்டுமே முடியும் என்று எழுதினார். சும்மா இருந்தவர்களுக்கு இதைவிடக் கடுமையான கண்டனத்தை ஒரு நீதிபதி எழுத முடியாது.

எதிர்த் தரப்பையும் சொல்லிவிட வேண்டும். வின்சன், ரீட், மின்டன் மூவரும் ட்ரூமன் பக்கம் நின்றார்கள். கொரியாவில் படைகளை நிறுத்தப் பணம் ஒதுக்கியது காங்கிரஸ், ஐரோப்பாவுக்கு ஆயுதம் அனுப்பச் சட்டம் இயற்றியதும் காங்கிரஸ். அந்தத் திட்டங்கள் சிதையாமல் காப்பதற்காகவே அதிபர் தற்காலிகமாக ஆலைகளை எடுத்தார், எடுத்ததும் காங்கிரஸிடம் சொன்னார், காங்கிரஸின் முடிவுக்குக் கட்டுப்படுவதாகவும் சொன்னார் என்று வின்சன் வாதிட்டார். ஜார்ஜ் வாஷிங்டன் காலத்திலிருந்து முன்னுதாரணங்களை அடுக்கினார். பலமான வாதம் இது. 1947இன் மறுப்பு மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் தீர்ப்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று சொல்வது கடினம்.

உச்ச நீதிமன்றத்திடம் படை இல்லை, போலீஸ் இல்லை, பணம் இல்லை. படையெல்லாம் தோற்றவரிடம் இருந்தது. ட்ரூமன் தீர்ப்பைக் கேட்டுத் திகைத்தார், கோபப்பட்டார், ஆயுள் முழுக்க அதைத் தவறு என்றே சொல்லிவந்தார். ஆனால் அன்றைக்கே, தாமதமே இல்லாமல், ஆலைகளைத் திருப்பிக் கொடுக்கும்படி சாயருக்குக் கடிதம் எழுதினார். இந்த வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் செயல் அதுதான். காகிதத்தில் எழுதிய அரசமைப்புச் சட்டம் அந்தக் கடிதத்தில்தான் உயிர் பெற்றது. சில நாட்கள் கழித்து பிளாக் தம் வீட்டு விருந்துக்கு நீதிபதிகளோடு அவரையும் அழைத்தார். ட்ரூமன் போனார். உங்கள் சட்டம் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் இந்த விஸ்கி நன்றாக இருக்கிறது என்று பிளாக்கிடம் சொன்னதாக, உடன் இருந்த நீதிபதி வில்லியம் டக்ளஸ் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

ஆலைகள் கம்பெனிகளிடம் போனதும் வேலைநிறுத்தம் மீண்டும் தொடங்கியது. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள், 53 நாட்கள். ஜூன் 10இல் ட்ரூமன் காங்கிரஸிடம் நேரில் போய், ஆலைகளை எடுக்கும் அதிகாரத்தைச் சட்டமாக்கித் தாருங்கள் என்று கேட்டார். நீதிமன்றம் காட்டிய வழியே அதுதான். காங்கிரஸ் மறுத்து, டாஃப்ட்–ஹார்ட்லி சட்டத்தைப் பயன்படுத்துங்கள் என்று கேட்டுக்கொண்டது. அவர் பயன்படுத்தவில்லை. கடைசியில் ஜூலை 24இல் மரேயும் யு.எஸ். ஸ்டீல் தலைவர் பெஞ்சமின் ஃபேர்லெஸும் வெள்ளை மாளிகையில் உடன்பட்டார்கள். விலை உயர்வு டன்னுக்கு 12 டாலர் இல்லை, 5 டாலர் 20 சென்ட்.

பாதுகாப்புச் செயலர் ராபர்ட் லவெட் பயந்தபடியே உற்பத்தி பெரிதும் அடிபட்டது. எதிரியின் குண்டுவீச்சால்கூட இவ்வளவு சேதம் விளைந்திருக்காது என்றார் அவர். ஆனாலும் கொரியாவில் போர்முனை சரியவில்லை. நவம்பரில் நடந்த தேர்தலில் ட்ரூமன் நிற்கவில்லை. அந்த முடிவை அவர் ஆலைகளை எடுப்பதற்கு முன்பே, மார்ச் கடைசியில் அறிவித்துவிட்டார்.

அந்த 1952இல் ஜாக்சனிடம் உதவியாளராக வேலை பார்த்த இளம் வழக்கறிஞர் ஒருவர் இருந்தார். பெயர் வில்லியம் ரென்க்விஸ்ட். 1981இல் அவரே உச்ச நீதிமன்ற நீதிபதி. ஈரானில் பிணையாக இருந்த அமெரிக்கர்களை மீட்க அதிபர் கார்ட்டர் செய்துகொண்ட ஒப்பந்தம், ஈரானுக்கு எதிராக அமெரிக்கர்கள் தொடுத்த வழக்குகளை நிறுத்திவைத்தது. அதிபருக்கு அந்த அதிகாரம் உண்டா என்று ஒரு கம்பெனி வழக்குப் போட்டது. தீர்ப்பை எழுத வந்த ரென்க்விஸ்ட் தம் பழைய நீதிபதியின் மூன்று நிலைகளைக் கையில் எடுத்தார். இப்படிப்பட்ட உடன்பாடுகளைக் காங்கிரஸ் நெடுங்காலம் அறிந்தும் தடுக்காமல் இருந்து வந்திருக்கிறது என்பதைக் காட்டி, இம்முறை அதிபருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்.

(தொடரும்)